கொடுங்கோல் – ஒரு சொல்லும் அரை மதிப்பெண்ணும்

எட்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு ஒன்றில், 'கீழ்க்காணும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று ஐந்து சொற்களைக் கொடுத்திருந்தேன். அவற்றுள் நான்காவது சொல் 'கொடுங்கோல்'. சொல்லுக்கு ஒரு மதிப்பெண். பெரும்பாலான மாணவியர், 'மன்னன் கொடுங்கோல் ஆட்சி செய்தான்' என்று எழுதி அந்த ஒரு மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டனர். இரண்டு பேர் மட்டும் வேறு வழியில் சென்றிருந்தனர்.

ஒருத்தி, 'காவலர் திருடனைக் கொடுங்கோலால் அடித்தார்' என்று எழுதியிருந்தாள். மற்றவள், 'என் தாத்தா கொடுங்கோலை ஊன்றிக்கொண்டு நடப்பார்' என்று எழுதியிருந்தாள். முதல் மாணவி பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் பரிசு வாங்குபவள். 'பாவம், கோல் என்பதைத் தடி என்று நினைத்துவிட்டாள். கொடுமை என்ற பொருளாவது வந்திருக்கிறதே' என்று அரை மதிப்பெண் போட்டேன். இரண்டாமவள் விடுதியில் தங்கிப் படிப்பவள்; அதிகம் பேசமாட்டாள். அவளுடைய வாக்கியத்தின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, 'பொருள் தவறு' என்று எழுதிச் சுழியம் போட்டேன். அதோடு நிற்கவில்லை. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பெயர் சொல்லாமல் அந்தத் தாத்தாவை வகுப்பில் குறிப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலை மணி அடித்த பிறகு அந்தச் சிறுமி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு விடைத்தாள்கள். ஒன்று அவளுடையது, மற்றொன்று பேச்சுப் போட்டிக்காரியுடையது. "டீச்சர், ரெண்டு பேருமே கோல்னா கம்புன்னுதான் எழுதியிருக்கோம். அவளுக்கு அரை மார்க், எனக்கு முட்டை. ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். பிறகு மெல்லிய குரலில், "எங்க தாத்தா கம்பு நிஜமாவே வளைஞ்சுதான் இருக்கும்" என்றாள்.

அவளுக்கு என்னால் அன்று விடை சொல்ல முடியவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டு அகராதியைத் திறந்தேன். அன்று நான் கற்றுக்கொண்டதையே இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கோல் என்பது என்ன?

அன்பு மாணவியரே, 'கோல்' என்ற சொல்லை நாம் நாள்தோறும் கையாளுகிறோம். நீங்கள் எழுதுவது எழுதுகோல். கோடு போடுவது அளவுகோல். பூட்டைத் திறப்பது திறவுகோல். பாறையை நகர்த்துவது நெம்புகோல். முதியவர் கையில் இருப்பது ஊன்றுகோல். பொன்னை நிறுப்பது துலாக்கோல். ஆண்டு விழாவில் சிறுமியர் அடித்து ஆடுவது கோலாட்டம். திருடன் சுவரைத் துளைக்கப் பயன்படுத்தும் கருவிக்கும் நம் முன்னோர் கன்னக்கோல் என்றுதான் பெயரிட்டனர். ஆக, கோல் நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. அது கையில் இருக்கும் ஒரு கருவி. ஆளும் வேலைக்கு ஓர் அடையாளமாக அரசன் கையிலும் ஒரு கோலைக் கொடுத்தனர்.

அந்த அரசனின் கோல் நன்றாக இருந்தால் அது செங்கோல். கெட்டால் அது கொடுங்கோல். இங்கேதான் நாம் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். 'செங்கோல்' என்றவுடன் சிலர் சிவப்பு நிறக் கோல் என்று எண்ணுகின்றனர். 'செம்மை' என்ற சொல்லுக்குச் சிவப்பு என்ற பொருள் உண்டு. நேர்மை, அதாவது வளையாமல் நேராக இருத்தல் என்ற பொருளும் உண்டு. செங்கோலில் இருப்பது இரண்டாவது பொருள். செங்கோல் என்றால் நேரான கோல்.

அப்படியானால் அதற்கு எதிரான கொடுங்கோல் என்னவாக இருக்க வேண்டும்? நேரானதற்கு எதிர், வளைந்தது அல்லவா?

'கொடு' என்றால் வளைந்த

'கொடுமை' என்றவுடன் இன்று நம் மனத்தில் தோன்றுவது துன்பம், இரக்கமின்மை ஆகியவையே. ஆனால் இச்சொல்லின் பழம்பொருள்களில் ஒன்று 'வளைவு'. வளைந்த வாளுக்குக் கொடுவாள் என்று பெயர். வில்லுக்குக் கொடுமரம் என்று ஒரு பெயர் உண்டு. வளைக்கப்பட்ட மரம் என்பது அதன் பொருள். 'கோடுதல்' என்றால் வளைதல். 'கோட்டம்' என்றால் வளைவு. மனக்கோட்டம் என்றால் மனத்தில் உள்ள வளைவு, அதாவது ஒருபுறம் சாய்தல். இவையெல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

'கொடுந்தமிழ்' என்ற சொல்லையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கொடுமையான தமிழ் என்று அதற்குப் பொருள் இல்லை. இலக்கண வரம்பிலிருந்து சற்றே வளைந்து மக்கள் வாயில் வழங்கும் தமிழ் என்பதே பொருள். இத்தாலி நாட்டிலிருந்து வந்த நம் வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீன் மொழியில் தனித்தனியே எழுதினார். 1732-ஆம் ஆண்டில் 'சதுரகராதி'யைத் தொகுத்தவரும் அவரே. மக்கள் பேசும் தமிழைக் கொடுந்தமிழ் என்று அவர் குறித்தபோது அதை இகழவில்லை. இகழ்ந்திருந்தால் அதற்கென்று ஓர் இலக்கணம் எழுத உட்கார்ந்திருப்பாரா?

இலக்கணம் படிக்கும் மாணவியருக்கு ஒரு சிறு குறிப்பு. கொடுமை + கோல் என்பது பண்புப் பெயர்ப் புணர்ச்சி. 'மை' விகுதி கெட்டுக் 'கொடு' என நின்று, வரும் ககரத்துக்கு இனமான 'ங்' தோன்றிக் கொடுங்கோல் ஆயிற்று. கருமை + கடல் = கருங்கடல் ஆவது போலவே. செங்கோல், கொடுங்கோல் என்பவற்றோடு 'மை' சேரும்போது லகரம் னகரமாகத் திரிந்து செங்கோன்மை, கொடுங்கோன்மை என்றாகும். கொடுங்கோல் நடத்துபவன் கொடுங்கோலன். அவனது ஆட்சி கொடுங்கோலாட்சி. அந்தத் தன்மை கொடுங்கோன்மை. பெண்பாலில் இச்சொல் அதிகமாக வழங்கக் காணோம். அதனால் நமக்கு அந்தக் குணமே இல்லை என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம்!

வள்ளுவர் வகுத்த வரிசை

திருவள்ளுவர் செங்கோன்மையை 55-ஆம் அதிகாரமாகவும், கொடுங்கோன்மையை 56-ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். அரசனுடைய முறை ஒரு பக்கமாகச் சாயாமல் நேரான கோலைப் போல இருப்பதால்தான் அது செங்கோல் எனப்பட்டது என்று உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குகிறார். வானத்து மழையை நோக்கி உலகம் வாழ்வது போல, மன்னவனின் கோலை நோக்கிக் குடிமக்கள் வாழ்கின்றனர் என்பது வள்ளுவர் கருத்து. அரசனுக்கு வெற்றி தருவது வேல் அன்று, கோல்தான். அதுவும் அந்தக் கோல் வளையாமல் இருந்தால் மட்டுமே என்றும் அவர் சொல்கிறார்.

கொடுங்கோன்மை அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. காட்டு வழியில் வேலோடு நிற்கும் கள்வன் 'உன் பொருளைக் கொடு' என்கிறான். அரியணையில் கோலோடு இருக்கும் மன்னன், முறையற்ற வகையில் குடிமக்களிடம் பொருள் கேட்கிறான். இரண்டும் ஒன்றே என்கிறார் வள்ளுவர். மன்னன் வாளை உருவவில்லை, யாரையும் அடிக்கவில்லை, வாய்திறந்து கேட்கத்தான் செய்கிறான். ஆயினும் அது கொள்ளைதான். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் முறை தவறிக் கேட்பதும் கொடுங்கோலே என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? துன்பம் தாங்க முடியாமல் மக்கள் சிந்தும் கண்ணீர், ஆள்பவனின் செல்வத்தைத் தேய்த்து அழிக்கும் கருவி என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது.

இதற்கு அடுத்த அதிகாரத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 57-ஆம் அதிகாரம் 'வெருவந்த செய்யாமை'. பிறர் அஞ்சி நடுங்கும் செயல்களைச் செய்யாதிருத்தல் என்பது இதன் பொருள். கடுஞ்சொல்லும் அளவு கடந்த தண்டனையும் அரசனின் வலிமையை அரம் போலத் தேய்த்துவிடும் என்பது இங்கேதான் வருகிறது. தண்டிக்கும்போது கையைக் கடுமையாக ஓங்க வேண்டும், ஆனால் மென்மையாக விழ வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது.

மாணவியரே, இந்த வரிசையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கொடுங்கோன்மை ஒரு குற்றம். அச்சுறுத்துதல் மற்றொரு குற்றம். இரண்டும் ஒன்றாக வருவது உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். கண்டிப்பானவர் எல்லாரும் கொடுங்கோலர் அல்லர். புன்சிரிப்போடு பேசுபவர் எல்லாரும் செங்கோலரும் அல்லர். கோல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. அது நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதுதான் இச்சொல் கேட்கும் கேள்வி.

வளைந்த கோலும் நிமிர்ந்த கோலும்

இந்தச் சொல்லின் பொருளை ஒரு காட்சியாகவே நமக்குக் காட்டுகிறது சிலப்பதிகாரம். கண்ணகியின் சிலம்பை விற்கக் கோவலன் மதுரைக்கு வருகிறான். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், பழியைக் கோவலன்மேல் போடுகிறான். பாண்டியன் நெடுஞ்செழியன் விசாரிக்கவில்லை. கோவலன் கொலையுண்டான். கண்ணகி மற்றொரு சிலம்போடு அரசவைக்கு வந்து வழக்குரைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கண்ணகி உடைக்க, மாணிக்கம் தெறிக்கிறது. கள்வன் கோவலன் அல்லன், தானே என்று தன் வாயாலேயே அறிவித்துப் பாண்டியன் அரியணையில் வீழ்ந்து உயிர் விடுகிறான்.

பாண்டியன் இயல்பாகவே இரக்கமற்றவன் என்று இளங்கோவடிகள் காட்டவில்லை. அவன் செய்த பிழை, ஒருவன் சொல்லை மட்டும் கேட்டுச் சாய்ந்துவிட்டதே. அயலூரிலிருந்து வந்த எளியவனிடம், 'நீ என்ன சொல்கிறாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்காத அந்த ஒரு கணத்தில் கோல் வளைந்தது. பின்னர் இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினை வளைத்த கோலைப் பாண்டியனின் பிரிந்த உயிர் நிமிர்த்திச் செங்கோலாக்கிவிட்டது என்று கூறுவதாகக் காப்பியம் சொல்கிறது.

என்ன அருமையான எண்ணம் பாருங்கள்! வளைந்த கோலை நிமிர்த்த முடியும். தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வதே நிமிர்த்தும் வழி. பாண்டியன் அதற்குத் தன் உயிரை விலையாகக் கொடுத்தான். நமக்கு அவ்வளவு பெரிய விலை கேட்கப்படுவதில்லை. 'தவறு என்னுடையது' என்ற இரண்டு சொற்களே நம்மிடம் கேட்கப்படும் விலை. அதையும் கொடுக்க நாம் எவ்வளவு தயங்குகிறோம்!

நிமிர்த்த மறுத்த ஓர் அரசனின் கதையைத் திருவிவிலியத்தில், அரசர்கள் முதல் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சாலமோன் இறந்தபின் அவர் மகன் ரெகபெயாம் அரசுரிமை ஏற்கச் செக்கேமுக்குப் போனான். 'உம் தந்தை எங்கள்மேல் சுமத்திய நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கும். உமக்குப் பணி செய்வோம்' என்று மக்கள் வேண்டினர். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர், மக்களுக்குப் பணிவிடை செய்யும் மனத்தோடு நல்ல சொல் சொல்லும்படி அறிவுரை கூறினர். அவனோடு வளர்ந்த இளைஞர்களோ, தந்தை சாட்டையால் அடித்தார் என்றால் நான் அதைவிடக் கொடியதால் அடிப்பேன் என்று மிரட்டச் சொன்னார்கள். ரெகபெயாம் தன் தோழர்கள் பக்கம் சாய்ந்தான். பத்துக் குலங்கள் பிரிந்து போயின. கட்டாய வேலைக்குப் பொறுப்பாய் இருந்த அதிகாரி கல்லால் எறிந்து கொல்லப்பட்டான். அரசன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான். பிரிந்த நாடு மீண்டும் அவன் கைக்கு வரவே இல்லை.

வளைந்த கோல் எல்லாம் கொடுங்கோலா?

இதைப் படிக்கும்போது நம் பள்ளி விளையாட்டு அணியினர் ஒரு கேள்வி கேட்கலாம். "ஹாக்கி மட்டையும் வளைந்துதானே இருக்கிறது? அதற்கு வளைகோல் பந்தாட்டம் என்றுதானே பெயர்?" உண்மைதான். ஆயர் கையில் பிடிக்கும் கோலின் தலைப்பகுதியும் வளைந்துதான் இருக்கிறது. ஆயர் என்றால் மேய்ப்பர். பள்ளத்தில் இறங்கிவிட்ட ஆட்டை இழுத்துத் தூக்க உதவும் வளைவு அது. ஆட்டை அடிப்பதற்காக அமைந்ததன்று. வேலைக்காக வளைந்த கருவி வேறு. வேண்டியவருக்காக வளைந்த நீதி வேறு. கொடுங்கோல் என்பது இந்த இரண்டாவதையே குறிக்கும்.

அண்மைக் காலத்தில் செங்கோல் என்ற சொல் செய்திகளில் மிகுதியாக அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். 1947 ஆகஸ்டு 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தார் பண்டித நேருவிடம் அளித்த செங்கோல், 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் வைக்கப்பட்டது. பொன்னால் வேய்ந்த கோல் கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒரு கோல் செங்கோல் ஆவது பொன்னால் அன்று. அதைப் பிடித்த கையால்தான் என்பதை நம் முன்னோர் பெயரிலேயே வைத்துவிட்டனர்.

ஒத்த சொற்களும் அவற்றின் வேறுபாடும்

ஒரே பொருள் போலத் தோன்றும் சொற்களை இடமறிந்து வழங்குவதே மொழியறிவு. ஆகவே கொடுங்கோலின் அக்கம்பக்கத்துச் சொற்களையும் காண்போம்.

சர்வாதிகாரம்: எல்லா அதிகாரமும் ஒருவரிடமே குவிந்திருத்தல். பழைய ரோமாபுரியில் நாட்டுக்கு ஆபத்து நேர்ந்தால் ஒருவரைச் சர்வாதிகாரியாக அமர்த்துவர். ஆறு மாதத்துக்கு மேல் அவர் அப்பதவியில் இருத்தல் கூடாது என்பது பழைய மரபு. கி.மு. 44-இல் யூலியஸ் சீசர் வாழ்நாள் முழுமைக்கும் சர்வாதிகாரி ஆனார். அதே ஆண்டு மார்ச்சு மாதம் கொலையுண்டார். இச்சொல் அதிகாரத்தின் அளவைச் சொல்கிறது.

எதேச்சாதிகாரம்: தன் இச்சைப்படி, யாரையும் கலக்காமல் நடத்தும் அதிகாரம். இச்சொல் அதிகாரம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைச் சொல்கிறது.

அடக்குமுறை: எதிர்ப்பவரை வாய்திறக்க விடாமல் செய்யும் வழி. சட்டம், சிறை, தடியடி எல்லாம் இதில் அடங்கும்.

ஆதிக்கம்: ஒருவரோ ஒரு கூட்டமோ மற்றவர்மேல் கை ஓங்கி இருத்தல்.

அராஜகம்: இதைத்தான் நாம் பெரிதும் தவறாக வழங்குகிறோம். 'முதலாளி அராஜகம் செய்கிறார்' என்கிறோம். சொல்லின்படி பார்த்தால் அரசன் இல்லாத நிலை, ஆட்சியே இல்லாத குழப்பம் என்பதே அராஜகம். கொடுங்கோலில் கோல் வளைந்திருக்கிறது. அராஜகத்தில் கோலே இல்லை.

இவற்றோடு பேச்சுவழக்கில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, 'நாட்டாமை பண்ணாதே' என்பது. மற்றொன்று, பள்ளிக்கூடமே பெற்றெடுத்த சொல், சட்டாம்பிள்ளைத்தனம்! திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்கு உதவியாக மற்றப் பிள்ளைகளை மேற்பார்க்கும் மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். அந்தப் பிள்ளை பெற்ற சிறிய அதிகாரத்தை எவ்வளவு பெரிதாக நடத்தியிருந்தால், அவன் பெயரே அதட்டலுக்குப் பெயராகியிருக்கும்!

நம் கையில் உள்ள கோல்

'நாம் என்ன அரசர்களா? நமக்கு ஏது கோல்?' என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியை வெளியே சென்றவுடன் வகுப்புத் தலைவி கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுகிறாள். பேசிய பத்துப் பேரில் ஒன்பது பேரின் பெயர் அங்கே இருக்கிறது. பத்தாமவள் அவளுடைய உயிர்த்தோழி. அந்த ஒன்பது பெயர்களும் உண்மைதான். தலைவி யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆயினும், மாணவியரே, அவள் கையிலிருந்த சுண்ணக்கட்டி அந்த நேரத்தில் கொடுங்கோலாக மாறிவிட்டது.

வீட்டில் கோல் பெற்றோர் கையில் இருக்கிறது. 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்ற பழமொழியைவிட எளிதாகக் கொடுங்கோலை விளக்க முடியுமா? குடம் ஒன்றுதான், உடைத்த கையைப் பார்த்து அதன் விலை மாறுகிறது. தேர்வுக் காலத்தில் தம்பி படித்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் பாத்திரம் துலக்க எழுந்து போக வேண்டியிருந்தால், அந்த வீட்டுக் கோலையும் ஒரு முறை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது நல்லது. பெற்றோர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பள்ளியில் கோல் எங்கள் கையில் இருக்கிறது. முன்பு அது பிரம்பாக இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்துவிட்டது. நல்லது. ஆனால் பிரம்பு போனதும் கோலே போய்விட்டது என்று நாங்கள் எண்ணிக்கொண்டால் ஏமாந்து போவோம். என் கையில் ஓர் எழுதுகோல் இருக்கிறதே! சிவப்பு மை நிரப்பிய அந்தக் கோல்தான் ஒருத்திக்கு அரை மதிப்பெண்ணும் மற்றொருத்திக்குச் சுழியமும் போட்டது. பேச்சுப் போட்டிக்காரியின் விடைத்தாளில் 'அவள் என்ன நினைத்திருப்பாள்' என்று தேடிப் பார்த்தேன். விடுதிச் சிறுமியின் விடைத்தாளில் தேடவில்லை. பாண்டியன் கோவலனிடம் கேட்காத கேள்வியை நானும் அவளிடம் கேட்கவில்லை.

இத்தனைக்கும், அவள்தான் சொல்லின் வேருக்கு மிக அருகில் இருந்தாள். கொடு என்றால் வளைந்த. கோல் என்றால் கம்பு. கொடுங்கோல் என்பது இன்று முறைதவறிய ஆட்சிக்கே பெயராக நிலைத்துவிட்டதால், அதை ஊன்றுகோலுக்கு வழங்குதல் வழக்கிலில்லை. ஆகவே அவள் வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் தர இயலாதுதான். ஆனால் நாங்கள் எல்லாரும் சிரித்தோமே, அந்தச் சிரிப்புக்கு நியாயம் எதுவும் இல்லை.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். 'தவறு என்னுடையது' என்றும் சொன்னேன். முப்பது நாற்பது சிறுமியர் முன்னால் அதைச் சொல்வது எளிதாக இல்லை என்பதை மறைப்பானேன்? பிறகு அவளுடைய விடைத்தாளை வாங்கிச் சுழியத்தை அடித்து அரை என்று திருத்தினேன். உண்மையைச் சொன்னால், அப்போது இருந்த மனநிலையில் அவளுக்கு முழு மதிப்பெண்ணே கொடுத்துவிட வேண்டும் என்று கை துடித்தது. கொடுத்திருந்தால் கோல் மறுபக்கம் வளைந்திருக்கும். இருவர் பிழையும் ஒன்றே. ஆகவே இருவருக்கும் அரை. அவள் விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர்" என்று இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்த விடுமுறை முடிந்து திரும்பியபோது, தன் தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னதாகவும், அவர் தம் கம்பைத் தூக்கிப் பார்த்துச் சிரித்ததாகவும் சொன்னாள். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். இந்த முறை அதற்கு நியாயம் இருந்தது.

அன்பு மாணவியரே, நாளை உங்கள் கையிலும் ஏதேனும் ஒரு கோல் வந்து சேரும். மருத்துவமனையில், அலுவலகத்தில், வகுப்பறையில், உங்கள் சொந்த வீட்டுச் சமையலறையில் உங்களுக்குக் கீழே சிலர் இருப்பார்கள். அப்போது உங்கள் கோல் கனமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை, எங்கள் கோல் எங்கேனும் வளைந்திருப்பதைக் கண்டால், அந்தச் சிறுமியைப் போலவே இரண்டு விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வாருங்கள். வாசலில் நின்று தயங்க வேண்டாம்.

– தமிழாசிரியை